மெம்பரைப் பிடிக்கிறதா, கோப்பைத் திருத்துறதா?

வாசகி ஒருவர் எழுதியிருக்கிறார். பரந்தன்–முல்லைத்தீவு வீதியோரம் அப்பாவின் பெயரில் ஒரு ஏக்கர் மேட்டுக்காணி. அதில் வீதிப்பக்கமாக 40 பேர்ச்சை, அதாவது கால் ஏக்கரை, இவருக்கென்று பிரித்துக் கொடுத்திருக்கிறார்கள். பின்பக்கத்தில் அப்பாவும் அம்மாவும் இருக்கிற, இந்திய வீட்டுத்திட்டத்தில் கிடைத்த 550 சதுர அடி வீடு. முன்னால் கீழே இரண்டு கடை, மேலே வீடு என்று பிளான் கீறி 2025 மாசியில் பிரதேச சபையில் கொடுத்தார். கோப்பு இரண்டு தரம் திட்டமிடல் குழுவுக்குப் போனது, இரண்டு தரமும் 'மேலதிக ஆவணங்களுக்காகத் தள்ளி வைக்கப்பட்டது' என்று ஒற்றை வரிக் கடிதம்தான் வந்தது. பக்கத்துக் காணிக்காரரின் கடைக்கோ ஒரே கூட்டத்தில் அனுமதி. பின்காணிக்காரர் பாதை விஷயமாக எதிர்ப்புக் கடிதம் கொடுத்திருக்கிறாராம். ஊர் மெம்பர், அதாவது பிரதேச சபை உறுப்பினர், "நான் தவிசாளரோட கதைக்கிறன், கொஞ்சம் செலவு வரும்" என்று சொல்கிறாராம். "ஐயா, இதை உண்மையில் ஆர் தீர்மானிக்கினம்? மழைக்கு முதல் அத்திவாரத்தையாவது போட்டுவிடட்டா?" என்று கேட்டு, நில அளவைப் படம், பிளான், சபைக் கடிதங்கள் எல்லாவற்றையும் போனில் படமெடுத்து அனுப்பியிருக்கிறார்.

தங்கச்சி, கடைசிக் கேள்விக்கு முதலில் பதில்: போடாதீர்கள். அனுமதி கையில் இல்லாமல் ஒரு கூடை கல் இறக்கினாலும் அதைப் படமெடுத்துச் சபைக்கு அனுப்பப் பின்காணிக்காரர் வேலியோரம் காத்திருப்பார், அதற்குப் பிறகு உங்கள் கோப்பு 'அனுமதி கேட்பவர்' கோப்பாக இருக்காது, 'அனுமதியில்லாமல் கட்டியவர்' கோப்பாக மாறிவிடும். அந்த இரண்டுக்கும் இருக்கிற தூரம் நீதவான் நீதிமன்றம் வரைக்கும் போகும். இடித்து அகற்றும் கட்டளை அங்கிருந்துதான் வரும். மழை வந்தால் வரட்டும்.

சரி, ஆர் தீர்மானிக்கிறார்கள் என்ற கதைக்கு வருவோம். நான் தொழில்நுட்ப உத்தியோகத்தராக, அதாவது நீங்கள் ரீ.ஓ. என்று சொல்கிற ஆளாக இருந்து இளைப்பாறியவன். வன்னியில் மூன்று சபைகளின் திட்டமிடல் குழுக்களில் கோப்புகளைத் தூக்கிக்கொண்டு இருந்திருக்கிறேன். சபையின் மாதாந்தக் கூட்டம் வேறு, திட்டமிடல் குழு வேறு. இதைத்தான் சனம் அநேகமாகக் குழப்பிக்கொள்கிறது. மாதாந்தக் கூட்டத்தில் மெம்பர்மார் எல்லோரும் இருப்பார்கள், சத்தம் போடுவார்கள், பத்திரிகையில் வரும். 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கப் பிரதேச சபைகள் சட்டத்தில் நிதி, வீடமைப்பு, தொழில்நுட்ப சேவை, சுற்றாடல் என்று நான்கு குழுக்கள் இருக்கின்றன, அவற்றில் மெம்பர்மார் இருப்பார்கள், ஆனால் உங்கள் பிளான் அங்கே போவதில்லை. திட்டமிடல் குழுவில் வழக்கமாக இருப்பவர்கள் தவிசாளர், செயலாளர், ரீ.ஓ., பொதுச் சுகாதாரப் பரிசோதகர், நகர அபிவிருத்தி அதிகார சபையின் ஆள். தேவையைப் பொறுத்து வீதி அபிவிருத்தி அதிகார சபையிலிருந்தோ பிரதேச செயலகத்திலிருந்தோ ஒருவரைக் கூப்பிடுவார்கள்.

மெம்பருக்கு இதில் எவ்வளவு பலம் என்று பார்க்க ஒரு சுலபமான வழி இருக்கிறது. நாட்டின் அநேகமான உள்ளூராட்சி சபைகளின் பதவிக்காலம் 2023 மார்ச் 19 நள்ளிரவோடு முடிந்தது. தேர்தல் நடந்தது 2025 மே 6ஆம் திகதி, புதிய சபைகள் தொடங்கியது யூன் மாதம். இடையில் இரண்டு வருடத்துக்கு மேல் உங்கள் சபையில் ஒரு மெம்பர்கூட இல்லை, தவிசாளரும் இல்லை, எல்லாம் செயலாளர் கையில். அந்தக் காலத்தில் பிளான் பாஸாகாமலா இருந்தது? நீங்கள் மாசியில் மனுக் கொடுத்தபோதே சபையில் அவர் கிடையாது. அவர் இப்போது கேட்கிற 'செலவு' எதற்கு என்று அவரிடமே எழுத்தில் கேட்டுப்பாருங்கள், சத்தம் அடங்கிவிடும். அடங்காவிட்டால் இலஞ்ச ஊழல் ஆணைக்குழுவின் 1954 என்ற இலக்கம் இருக்கிறது. ஆனால் ஒரு மெம்பரைப் பகைக்கச் சொல்லவில்லை. உங்கள் ஒழுங்கைக்கு விளக்குப் போடச் சொல்லிக் கேளுங்கள், அது அவருடைய வேலை.

எல்லாம் சுத்தம் என்றும் நான் சொல்லமாட்டேன். தவிசாளருக்கு வேண்டியவரின் கோப்பு கட்டின் மேலே வந்துவிடும், வேண்டாதவரின் கோப்பு அலுமாரிக்குப் பின்னால் விழுந்து கிடக்கும், நான் கண்ணால் கண்டிருக்கிறேன். ஆனால் முன்னுக்கு வந்த கோப்பும் அளவு பிழை என்றால் நகர அபிவிருத்தி அதிகார சபையின் ஆள் கையெழுத்து வைக்கமாட்டார். ஏனென்றால் நாளைக்கு வழக்கு வந்தால் அவர் பெயரும்தான் வரும். ஆளைப் பிடித்தால் கோப்பு வேகமாக மேசைக்கு வரலாம், மேசையில் அது நிற்பதும் விழுவதும் உள்ளே இருக்கிற கடதாசியால்தான்.

அந்த மேசையைக் கொஞ்சம் சொல்லுகிறேன், கண்டிருக்கமாட்டீர்கள். மாதத்துக்கு ஒரு தரம், சபை மண்டபத்தில் நீட்டு மேசை. நாடா கட்டின கோப்புகள் ஒரு பக்கம் அடுக்கியிருக்கும். ரீ.ஓ. ஒவ்வொன்றாக அவிழ்த்துப் பிளானை விரிப்பார், மேலே விசிறி சுழலும், தாள் சுருண்டு எழும்பும், நாலு மூலைக்கும் நாலு தேத்தண்ணிக் கோப்பை வைத்து அமத்துவார்கள். ஒரு கோப்புக்கு ஐந்து நிமிடம் கிடைத்தால் பெரிய விஷயம். அந்த ஐந்து நிமிடத்தில் நீங்கள் நல்லவரா, கணவர் வெளிநாட்டிலா, கடன் எடுத்தீர்களா என்று ஒருவரும் கதைப்பதில்லை. தவிசாளர் ரீ.ஓ.வைப் பார்த்து, "இடம் பார்த்தீங்களா?" என்பார். பிறகு பரிசோதகரைப் பார்த்து, "கிணறு, குழி எல்லாம் சரியா?" என்பார். இரண்டு பேரும் சரி என்றால் பக்கம் புரளும். ஒருவர் இழுத்தால் 'தள்ளி வை'. ஆக, உங்கள் பிளான் தீர்மானமாவது கூட்டத்தன்று இல்லை, அதற்கு இரண்டு மூன்று கிழமைக்கு முதல், ரீ.ஓ. உங்கள் வளவுக்கு வந்து நாடா பிடித்து அளந்துவிட்டுப் போன அந்த அரை மணித்தியாலத்தில்தான்.

அப்படி அவர் வந்தபோது நீங்கள் வீட்டில் இல்லை என்றும், அப்பா மட்டும் நின்றார் என்றும் எழுதியிருக்கிறீர்கள். பிழை விட்டுவிட்டீர்கள், அடுத்த தரம் நில்லுங்கள்.

எந்தச் சட்டத்தின் கீழ் பார்ப்பார்கள் என்பதும் இடத்துக்கு இடம் மாறும். உங்கள் காணி நகர அபிவிருத்தி அதிகார சபையின் பிரகடனப்படுத்தப்பட்ட பகுதிக்குள் வந்தால் 1978ஆம் ஆண்டின் 41ஆம் இலக்கச் சட்டமும் அதன் ஒழுங்குவிதிகளும், அதிகார சபை ஒப்படைத்த அதிகாரத்தில் சபை அனுமதி கொடுக்கும். வெளியே இருந்தால் 1915ஆம் ஆண்டின் வீடமைப்பு, நகர மேம்பாட்டுக் கட்டளைச் சட்டமும் பிரதேச சபைகள் சட்டமும். வெள்ளைக்காரன் காலத்துச் சட்டம்தான், ஆனால் பக்கத்து வீட்டுக்கு வெளிச்சம் போகவேண்டும் என்பதற்கு 63½ பாகையில் ஒரு கோடு பிடித்துப் பார்க்கிற அதன் கணக்கைப் படித்துத்தான் நாங்கள் வேலை பழகினோம். சபையின் முன்மேசையில், "என்ர காணி பிரகடனப்படுத்தின பகுதியோ?" என்று ஒரு கேள்வி கேளுங்கள், இரண்டு நிமிட வேலை.

இனி நீங்கள் அனுப்பின படங்களுக்கு வருகிறேன். ஒன்றைச் சொல்லவேண்டும், கோபிக்காதீர்கள். பின்காணிக்காரர் பொய் சொல்லவில்லை.

நில அளவைப் படத்தின் தெற்கு எல்லையை ஒட்டி ஒரு புள்ளிக்கோடு போகிறது. வீதியில் தொடங்கிப் பின்காணி வரைக்கும். அகலம் 10 அடி, பாதை ஒதுக்கு. உங்கள் படவரைஞர் கட்டடப் பிளானைக் கீறும்போது இந்தக் கோட்டை விட்டுவிட்டார். விட்டதோடு நிற்காமல் மேல்மாடிக்கு ஏறுகிற வெளிப்படியைச் சரியாக அந்த இடத்தில் கொண்டுபோய் வைத்திருக்கிறார். ரீ.ஓ. இரண்டு படத்தையும் பக்கத்தில் வைத்துப் பார்த்திருப்பார், அவ்வளவுதான், உங்கள் இரண்டாவது தள்ளிவைப்புக்கு வேறு மந்திரம் தேவையில்லை.

வழியுரிமைச் சண்டையைத் தீர்க்கிற அதிகாரம் திட்டமிடல் குழுவுக்குக் கிடையாது. 'நாங்கள் முப்பது வருடம் நடந்த பாதை' என்று ஒருவர் வாயால் சொன்னால், அதை இணக்க சபைக்கோ மாவட்ட நீதிமன்றத்துக்கோ கொண்டுபோங்கள் என்றுதான் குழு சொல்லும், அதற்காகப் பிளானை நிறுத்தத் தேவையில்லை. ஆனால் படத்தில் கீறியிருக்கிற பாதைக்கு மேலே படிக்கட்டு வைக்க எந்தக் குழுவும் விடாது. எதிர்ப்புக் கடிதம் வந்தால் பிளான் போச்சு என்று சனம் நினைக்கிறது. நான் எத்தனையோ கடிதம் வாசித்திருக்கிறேன், பாதிக்கு மேல் 'இவர் கடை போட்டால் என் வியாபாரம் படுக்கும்', 'இவருடைய தகப்பன் அந்தக் காலத்தில் எங்களுக்குச் செய்த அநியாயம்' என்ற வகைதான். அதையெல்லாம் கோப்பில் தைத்துவிட்டு அடுத்த பக்கம் போய்விடுவோம். அளவோடு, படத்தோடு, இன்ன விதிக்கு மாறு என்று வந்த கடிதம் ஒன்று போதும், கூட்டம் நின்றுவிடும். உங்கள் பின்காணிக்காரர் எழுதினது இந்த இரண்டாவது வகை. படியைக் கட்டடத்துக்குள்ளே எடுத்துவிடுங்கள், அவருடைய கடிதத்துக்கு உயிர் போய்விடும். முடிந்தால் திருத்தின பிளானை அவருக்கே ஒரு தரம் காட்டுங்கள். ஒரே குடத்தில் தண்ணி குடித்த சனம்தானே.

இரண்டாவது சிக்கல் காணிப் பத்திரம், இது பாதையை விடப் பெரிது. அப்பாவிடம் இருப்பது உறுதிக்காணி, அதாவது தனியாருக்கு முழு உரிமையுள்ள காணி இல்லை, 1935ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் அரசாங்கம் நிபந்தனையோடு கொடுத்த அளிப்பு. வன்னியில் குடியேற்றத்திட்டக் காணிகள் பெரும்பாலும் இந்தக் கணக்குத்தான், பெர்மிற், பிறகு அளிப்பு. இந்தக் காணியில் ஒரு துண்டைப் பிள்ளைக்குக் கொடுப்பதென்றால் பிரதேச செயலாளரின் எழுத்துமூலச் சம்மதம் முதலில் வேண்டும். எவ்வளவுக்குக் குறையப் பிரிக்கக்கூடாது என்பதும் அளிப்புப் பத்திரத்திலேயே போட்டிருக்கும், அதை எடுத்து வாசியுங்கள், நீங்கள் எனக்கு அனுப்பினது முதல் பக்கத்தை மட்டும்தான். நீங்கள் கோப்பில் வைத்திருப்பது அண்ணன்மாரும் அப்பாவும் கையெழுத்து வைத்த வெள்ளைத்தாள். குடும்பத்துக்குள் அதற்கு மதிப்பு இருக்கலாம், குழு மேசையில் அது வெறும் தாள்.

உங்கள் முன்னால் இரண்டு வழி இருக்கிறது. ஒன்று, பிரிப்பைப் பிரதேச செயலகத்தில் முறையாகச் செய்து முடித்துவிட்டுப் பிளானை உங்கள் பெயரில் கொடுப்பது. மாதக்கணக்கில் இழுக்கும். மற்றது, காணியைப் பிரிக்காமல், அளிப்பு யார் பெயரிலோ அவர் பெயரில், அதாவது அப்பாவின் பெயரில், முழு ஏக்கருக்குமான படத்தோடு விண்ணப்பத்தை மாற்றிக் கொடுப்பது. இப்போதைக்கு இரண்டாவது வேகம், ஆனால் வங்கியில் லோன் எடுக்கிற எண்ணம் இருந்தால் முதலாவதுதான். எதைச் செய்தாலும் அப்பா நடமாடுகிற காலத்திலேயே பிரதேச செயலகத்துக்குக் கூட்டிக்கொண்டு போய்ப் பின்னுரித்தாளர், அதாவது அவருக்குப் பிறகு காணி போகிற ஆள், யார் என்பதையும் பதிந்துவிடுங்கள். பதியாமல் விட்டால் முன்பெல்லாம் சட்டம் மூத்த ஆண் பிள்ளையைத்தான் முதலில் தேடியது, 2022இல் கொண்டுவந்த திருத்தம் அதை மாற்றியது. இருந்தாலும் சட்டம் மாறின வேகத்தில் அண்ணன்மார் மாறுவதில்லை.

பக்கத்துக் காணிக்காரருக்கு ஏன் ஒரே கூட்டத்தில் கிடைத்தது என்று மனம் புழுங்குகிறீர்கள். நீங்களே எழுதியிருக்கிறீர்கள், அவருடையது உறுதிக்காணி, ஒரு தட்டுக் கட்டடம், வீதி அபிவிருத்தி அதிகார சபையின் கடிதமும் கையோடு வைத்திருந்தார். இதில் சூழ்ச்சி எதுவும் எனக்குத் தெரியவில்லை.

அந்தக் கடிதம் உங்களிடம் இல்லாததுதான் உங்கள் முதலாவது தள்ளிவைப்புக்குக் காரணம் என்று நினைக்கிறேன். உங்கள் முன்னால் போவது ஏ-35. அது சபையின் றோட்டு இல்லை, மாகாணத்துடையதும் இல்லை, வீதி அபிவிருத்தி அதிகார சபையுடையது. வீதியின் நடுக்கோட்டிலிருந்து எத்தனை மீற்றர் விட்டுத்தான் கட்டவேண்டும் என்று அவர்கள்தான் எழுதித் தரவேண்டும். வேலியிலிருந்து அளக்கிறதில்லை, நடுக்கோட்டிலிருந்து. ஊரில் ஒவ்வொருவரும் ஒவ்வொரு கணக்குச் சொல்லுவார்கள், மேசன் ஒன்று, தேத்தண்ணிக் கடைக்காரர் ஒன்று. ஒன்றையும் நம்பாதீர்கள், எழுத்தில் வாங்குங்கள். மீள்குடியேற்றத்தில் அவசரமாகக் கட்டின வீடுகள் பல இந்தக் கோட்டைப் பற்றி யோசிக்காமல் வீதிக்கு முட்டிக்கொண்டு நிற்கின்றன. அதைக் காட்டி, 'அவை நிற்கலாமெண்டால் நான் ஏன் நிற்கக்கூடாது' என்று குழுவில் கேட்காதீர்கள், எடுபடாது.

இன்னொன்று, இது நீங்கள் கேட்காதது. பிளானில் கீழே இரண்டும் 'கடை' என்று போட்டிருக்கிறது. எனக்கு எழுதின கடிதத்திலோ, ஒன்றில் மிளகாய், மா அரைக்கிற மில் போடப்போவதாகச் சொல்கிறீர்கள். கடையும் மில்லும் குழுவுக்கு ஒன்றல்ல. மில் என்றால் சுற்றாடல் பாதுகாப்பு அனுமதிப்பத்திரம் வேண்டிவரும். சின்ன மில் என்றால் சபையே கொடுக்கும், பெரிதானால் மத்திய சுற்றாடல் அதிகார சபைக்குப் போகவேண்டும். சத்தத்துக்கும் கணக்கு இருக்கிறது. 1996ஆம் ஆண்டு விதிகளின்படி பிரதேச சபைப் பகுதியில் பகலில் 55 டெசிபெல், இரவில் 45. மில்லின் பட்டி ஓடத் தொடங்கினால் 55 எவ்வளவு சிறிய எண் என்று உங்களுக்கே விளங்கும். மேலே உங்கள் பிள்ளைகள் படுக்கிற அறை, கீழே மோட்டார், பின்னால் வயதான அம்மா அப்பா. இப்போதே 'மில்' என்று எழுதி, மோட்டார் அறையை வீதிப்பக்கமாக, இரட்டைச் சுவரோடு போடுங்கள். 'கடை' என்று அனுமதி வாங்கி மில்லை ஓட்டினால் பயன்பாட்டை மாற்றினதாக வரும், பிறகு வியாபார அனுமதிப்பத்திரமும் இழுபடும், அனுமதித்த பிளானின்படியே கட்டியிருக்கிறது என்று சபை தருகிற இணக்கச் சான்றிதழும் இழுபடும். அந்தச் சான்றிதழ் இல்லாமல் கட்டடத்தில் குடியேறவே கூடாது என்பது தெரியாமல் எத்தனையோ பேர் பால்காய்ச்சிவிட்டுத்தான் சபைக்கு வருகிறார்கள்.

பரிசோதகரின் பக்கத்தில் ஒரு விஷயம். புதிய மலசலகூடக் குழியைக் கிணத்துக்குக் கிட்டக் கீறியிருக்கிறார்கள், பிளானின்படி 32 அடிதான் வருகிறது. வழக்கமாக 50 அடியாவது கேட்பார்கள். 40 பேர்ச்சில் இடமா இல்லை? வடக்கு மூலைக்குத் தள்ளுங்கள், பக்கத்து வளவுக் கிணறு எங்கே என்றும் பார்த்துத் தள்ளுங்கள்.

ரீ.ஓ. வந்து நாடா பிடிக்கிறது ஏதோ உங்களை அலைக்கழிக்கிற வேலை என்று நினைக்காமல் இருக்க என் கதையையும் சொல்லிவிடுகிறேன். வேலைக்குச் சேர்ந்த புதிதில், ஒரு சபையில், கோப்பு குவிந்து கிடந்த நேரம், ஒரு களஞ்சியக் கட்டடத்தின் பிளானைப் போய்ப் பார்க்காமலே 'பார்த்தேன்' என்று குறிப்பு எழுதினேன். படம் அவ்வளவு வடிவாக இருந்தது. அந்தப் படத்தில் இல்லாத ஒரு வாய்க்கால் அந்தக் காணிக்குள்ளால் ஓடினது, கோடையில் புல் மூடிக் கிடந்திருக்கிறது. கார்த்திகை மழையில் வெள்ளம் திரும்பிப் பின்னால் இருந்த வீடுகளுக்குள் போனது. ஒரு வீட்டில் நெல்மூட்டைகளைக் கட்டிலுக்கு மேல் ஏற்றி வைத்துவிட்டு, பிள்ளையைத் தோளில் வைத்துக்கொண்டு நின்ற அந்த அம்மா என்னை ஒரு சொல்லும் பேசவில்லை. அதற்குப் பிறகு நான் சேறு மிதிக்காமல் ஒரு குறிப்பும் எழுதினதில்லை.

இனி நீங்கள் செய்யவேண்டியது. சபைக்குப் போய் உங்கள் விண்ணப்ப இலக்கத்தைச் சொல்லி, குழுவின் கூட்டக்குறிப்பில் உங்கள் கோப்புக்கு எதிரே என்ன எழுதியிருக்கிறது என்று கேளுங்கள். கடிதத்தில் ஒற்றை வரிதான் வரும், குறிப்பில் காரணம் இருக்கும். வாயால் சொன்னால் எழுதிக்கொள்ளுங்கள். சொல்லாவிட்டால் 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ், 'இன்ன இலக்க விண்ணப்பம் தொடர்பாகத் திட்டமிடல் குழு எடுத்த தீர்மானங்களின் குறிப்பும், தொழில்நுட்ப உத்தியோகத்தர், பொதுச் சுகாதாரப் பரிசோதகர் ஆகியோரின் கள அறிக்கைகளும் தருக' என்று ஒரு வசனம் எழுதித் தகவல் உத்தியோகத்தரிடம் கொடுத்துப் பற்றுச்சீட்டு வாங்குங்கள். 14 வேலை நாளுக்குள் தருவதா இல்லையா என்று அவர் சொல்லியாகவேண்டும். சண்டைக்குப் போகிற மாதிரி இல்லாமல் சாதாரணமாகக் கொடுங்கள், இப்போது எல்லோரும் கொடுக்கிறார்கள். அறிக்கை கையில் வந்த பிறகு, நான் மேலே சொன்னதில் எது சரி, எது என் ஊகம் என்று நீங்களே ஒத்துப்பார்க்கலாம்.

எல்லாம் திருத்திக் கொடுத்தும் காரணம் சொல்லாமல் மூன்றாம் தரமும் தள்ளினால் உங்கள் மாவட்டத்து உதவி உள்ளூராட்சி ஆணையாளருக்கு எழுதுங்கள், தவிசாளருக்குப் பிரதி போட்டு. நீதிமன்றம் வரைக்கும் போகிற வழியும் இருக்கிறது, ஆனால் அதற்குச் செலவாகிற காசில் உங்கள் மேல்மாடிக்குக் கொங்கிறீற் போட்டுவிடலாம்.

அனுமதி வந்தால் அது ஒரு வருடத்துக்குத்தான், முடியாவிட்டால் காலம் முடிய முதல் நீட்டிப்புக் கேட்கவேண்டும். கணவர் காசு அனுப்பஅனுப்பக் கட்டுகிற ஆட்கள் இதை மறந்துவிடுவார்கள்.

கடைசியாக ஒன்று. படவரைஞரிடம் திரும்பப் போகும்போது நில அளவைப் படத்தின் மூலத்தைக் கையில் கொண்டுபோங்கள், போன் படத்தைக் காட்டாதீர்கள். அவர் முதல் தரம் கீறினதே உங்கள் போனைப் பார்த்துத்தான் என்று எழுதியிருக்கிறீர்கள். அந்தப் புள்ளிக்கோடு போனில் தெரியாது, நானும் இரண்டு தரம் பெரிதாக்கி, கண்ணாடியைத் துடைத்துப்போட்டுப் பார்த்துத்தான் கண்டேன்.